தேசிய நூலகங்களின் ஆய்வு நல்கைகள்: சிங்கப்பூரா, வாஷிங்டனா, கொல்கத்தாவா, கான்பெராவா?

தேசிய நூலகம் ஒன்றில் சில மாதங்கள் தங்கி ஆராய்வதற்கான நல்கைகளைப் பற்றித் தமிழ் ஆய்வாளர்களும் எழுத்தாளர்களும் விசாரிக்கும்போது, மாதம் எவ்வளவு கிடைக்கும், கடைசி நாள் எது என்ற இரண்டு கேள்விகளே பெரும்பாலும் முதலில் எழுகின்றன. ஊதியமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு, வீட்டுப் பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட வேண்டியவர்கள் அப்படிக் கேட்பது இயல்பே. ஆயினும் இந்த ஒப்பீட்டை வேறொரு கேள்வியிலிருந்து தொடங்க விரும்புகிறேன். என் ஆய்வுக்கு இன்றியமையாத தாள்களுள் எவை அந்த நூலகத்தில் மட்டுமே இருக்கின்றன, அவற்றுள் எவற்றை வீட்டிலிருந்தபடி பார்க்க வழியில்லை? இதற்கு ஒரு பக்க அளவில், தொகுப்பின் பெயரும் இதழின் பெயரும் ஆண்டும் குறிப்பிட்டு விடை எழுத முடிகிறவருக்கு எந்த நல்கைக்கு விண்ணப்பிப்பது என்பது ஏறக்குறைய அப்போதே தெளிவாகிவிடும். எழுத முடியாதவர் இன்னும் ஓராண்டு பொறுத்து விண்ணப்பிப்பதே நல்லது.

அந்த ஓராண்டைச் செலவிட வேண்டிய இடம் பெரும்பாலும் சென்னைதான். 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும், மும்பையிலும் தில்லியிலும் உள்ள இரு நூலகங்களுக்கும் அனுப்பப்பட வேண்டும். எல்லாப் பதிப்பாளர்களும் சட்டத்தை ஒழுங்காகப் பின்பற்றினார்கள் என்று சொல்ல முடியாவிட்டாலும், கடந்த எழுபது ஆண்டுகளின் தமிழ் நூல்களைத் தேடிக் கொல்கத்தாவுக்கோ கடல் கடந்தோ செல்வதற்கு முன் எழும்பூரில் தேடி முடிப்பது முறை. அதற்கு முந்தைய அச்சு நூல்களுக்கும் இதழ்களுக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஈழத்து வெளியீடுகளுக்கு நூலகம் நிறுவனத்தின் இணையத் தொகுப்பும் இருக்கின்றன. இவற்றிலெல்லாம் கிடைக்காதது எது என்று காட்டும் விண்ணப்பத்தைத் தேர்வுக்குழு மதிக்கும். இங்கேயே கிடைப்பதை அங்கே வந்து படிக்கிறேன் என்று சொல்லும் விண்ணப்பம், எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், முதல் சுற்றைத் தாண்டுவது கடினம்.

தமிழில் எழுதும் ஒருவருக்கு மிக நெருக்கமாகப் பொருந்தக்கூடியது என்று நான் கருதுவது சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் லீ கோங் சியான் ஆய்வு நல்கை. அதன் பெயருக்குரிய ரப்பர், அன்னாசித் தொழிலதிபர் 1953இல் 3,75,000 வெள்ளி நன்கொடை தந்தபோது, நூலகம் கட்டணமின்றி எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், மக்கள் பேசும் மொழிகளின் நூல்களுக்கு அதில் இடம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். அந்த நிபந்தனையின் பயன் இன்றும் தொடர்கிறது. மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் ஆட்சிமொழியாக உள்ள நாட்டின் தேசிய நூலகம் தமிழ் வெளியீடுகளைத் தன் சொந்த மரபாகவே சேர்க்கிறது. பிற நாடுகளின் பெரிய நூலகங்களில் தமிழ் என்பது தெற்காசியப் பிரிவின் ஓர் அலமாரி. விக்டோரியா தெருவில் 2005இல் திறக்கப்பட்ட கட்டடத்தில், சிங்கப்பூர் குறித்தும் தென்கிழக்காசியா குறித்தும் உள்ள தொகுப்பும் அரிய நூல்களும் ஒரே கூரையின்கீழ் இருப்பதால், தமிழ் இதழ் ஒன்றில் வந்த செய்தியை அதே வாரத்தின் ஆங்கில இதழோடும் மலாய் இதழோடும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை அங்கே ஒரே நாளில் செய்துவிட முடியும்.

நல்கையின் காலம் ஆறு மாதம். உள்நாட்டினர், வெளிநாட்டினர் இருவரும் விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழகத்துக்கு வெளியே எழுதி வருபவர்களும் இதைப் பெற்றிருக்கிறார்கள் என்பது எழுத்தாளர்களுக்கு ஊக்கம் தர வேண்டிய செய்தி. பதிலுக்கு நூலகம் எதிர்பார்ப்பது, தன் தொகுப்பைப் பயன்படுத்தி எழுதிய ஆய்வுக் கட்டுரை. நல்கையாளர்களின் கட்டுரைகள் பல நூலகத்தின் ‘பிப்லியோஏஷியா’ இதழில் வெளிவந்திருக்கின்றன. அது பொதுவாசகருக்கான இதழ் என்பதைக் கவனிக்க வேண்டும்: ஆய்வுக்குரிய கண்டிப்பும் வேண்டும், துறைக்கு வெளியே உள்ளவர் விரும்பிப் படிக்கும் நடையும் வேண்டும். எழுத்தாளர்களின் பயிற்சி இங்கே நேரடியாகப் பயன்படுகிறது. அதனால்தான் நான்கு வாய்ப்புகளுள் இதை எழுத்தாளர்களுக்கு முதலாவதாகப் பரிந்துரைக்கிறேன்.

ஆனால் இந்த நூலகம் தன் பொருள்களை மின்னாக்கம் செய்வதில் மிகவும் முன்னேறியிருக்கிறது என்பதே விண்ணப்பதாரருக்கு ஒரு சிக்கல். 1845இல் தொடங்கிய ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ உட்படப் பழைய செய்தித்தாள்கள் ‘நியூஸ்பேப்பர்எஸ்ஜி’ தளத்தில் இருக்கின்றன, 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ நாளிதழின் பழைய இதழ்களும் அதில் உண்டு. சிங்கப்பூர் விடுதலைக்குப் பிந்தைய ஐம்பது ஆண்டுகளின் தமிழ் இலக்கிய நூல்கள் 2015இல் மின்தொகுப்பாக்கப்பட்டன. எனவே ‘தமிழ் முரசு’ இதழைப் படிக்க வருகிறேன் என்று மட்டும் சொன்னால் போதாது. தளத்தில் உள்ள இதழ்களுள் சில ஆண்டுகளை எங்கிருந்தும் வாசிக்கலாம். வேறு சிலவற்றை நூலகத்தின் கணினிகளில் மட்டுமே திறக்க முடியும். எந்த ஆண்டுகள் எந்த வகை என்பதை முன்கூட்டியே பார்த்து, வீட்டில் படிக்கக்கூடியவற்றைப் படித்து முடித்து, மீதியை விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும். சங்க ஆண்டு மலர்கள், கோயில் விழா மலர்கள், பள்ளி மலர்கள், நாடக நிகழ்ச்சி நிரல்கள் போன்று செய்தித்தாளுக்கு வெளியே உள்ள சிறு வெளியீடுகளைத் தேடிச் செல்வதற்கே ஆறு மாதம் பொருத்தமான காலம் என்பது என் எண்ணம். சி. கு. மகுதூம் சாயபு 1887 முதல் 1890 வரை நடத்திய ‘சிங்கை நேசன்’ வார இதழும், அவருடைய அச்சகமான தீனோதய வேந்திரசாலையின் வெளியீடுகளும் யாரை நம்பி அச்சாயின, யார் காசு கொடுத்து வாங்கினார்கள், எந்தக் கப்பலில் எந்த ஊருக்குப் போயின என்ற கேள்விகளுக்கு இதழ்ப் பக்கங்களை மட்டும் வைத்து விடை காண இயலாது. அக்காலத்து ஊர்க் கையேடுகளையும் அரசிதழ்களையும் விளம்பரங்களையும் அருகில் வைத்துப் படிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஆய்வுக்குச் சிங்கப்பூரைவிட்டு வேறு இடம் தேட வேண்டியதில்லை.

வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் குளூகி நல்கை முற்றிலும் வேறு இயல்புடையது. ஜான் குளூகி என்ற செல்வந்தர் தந்த 6 கோடி டாலர் கொடையால் 2000இல் அமைந்த ஆய்வு மையம் இதை வழங்குகிறது. காலம் 4 முதல் 11 மாதம் வரை. உதவித்தொகை மாதம் 5,000 டாலர். அமெரிக்கர் அல்லாதவரும் விண்ணப்பிக்கலாம். முனைவர் பட்டம் போன்ற, தம் துறையின் உச்சநிலைப் பட்டம் பெற்று ஏழு ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும் என்ற விதிதான் இதில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பட்டம் பெறாத எழுத்தாளருக்கும், பட்டம் பெற்றுப் பத்தாண்டு கற்பித்துவிட்ட பேராசிரியருக்கும் இந்த வழி இல்லை. பட்டம் பெற்ற இளம் ஆய்வாளருக்கோ, ஆய்வேட்டை நூலாக்குவதற்குத் தடையில்லாத ஓராண்டைத் தரும் அரிய வாய்ப்பு இது. பணியிடமும் அந்நூலகத்தின் துறை வல்லுநர்களோடு பழகும் வாய்ப்பும் கிடைப்பதால், நூற்பட்டியலில் சரியாகப் பதிவாகாத பொருள்களையும் கேட்டுப் பெற முடிகிறது. அதன் மதிப்பைப் பணத்தில் கணக்கிட முடியாது.

அங்கே தமிழ் நூல்கள் எப்படிச் சேர்ந்தன என்பதை அறிந்தால்தான் எதற்காக அங்கே போக வேண்டும் என்பதும் தெரியும். அமெரிக்கக் கோதுமைக்கு இந்தியா ரூபாயில் செலுத்திய விலையின் ஒரு பகுதியைக் கொண்டு இந்திய நூல்களை வாங்கும் திட்டம் பி.எல்.480 சட்டத்தின்கீழ் உருவானது. நாடாளுமன்ற நூலகத்தின் தில்லி அலுவலகம் 1962 முதல் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சிறு வெளியீடுகளையும் வாங்கி, தன் நூலகத்துக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்கும் அனுப்பியது. நம் ஊர்களில் படித்துவிட்டுப் பழைய தாளோடு எடைக்குப் போட்ட துண்டு வெளியீடுகள் அங்கே பட்டியலிடப்பட்டு நிற்கக் காரணம் அதுவே. ஆனால் ஒரே நூலின் படி பல பல்கலைக்கழகங்களுக்கும் போனதால், தமிழ் நூல்களைப் படிப்பது மட்டுமே நோக்கம் என்றால் அது வாஷிங்டனுக்கே உரிய காரணமாக நிற்காது. தமிழ் எழுத்தாளர்கள் தங்கள் குரலில் படித்த ஒலிப்பதிவுகளையும் அதே தில்லி அலுவலகம் தொகுத்திருக்கிறது என்றாலும், அவற்றை இணையத்திலேயே கேட்கலாம்.

பல மொழிகளையும் பல நாடுகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் ஆய்வுக்குத்தான் வாஷிங்டன் ஈடற்ற இடம். ஓர் எடுத்துக்காட்டு: 1950களிலும் 1960களிலும் அமெரிக்கத் தகவல் அமைப்பின் உதவியோடு அமெரிக்க நூல்கள் பல தமிழில் பெயர்க்கப்பட்டு மலிவு விலையில் விற்கப்பட்டன. அந்த மொழிபெயர்ப்புகளைச் சென்னையில் பழைய புத்தகக் கடைகளில்கூடக் காணலாம். எந்த நூல், எவர் பரிந்துரையால், எவ்வளவு படி, எந்தக் கணக்கில் அச்சாயிற்று என்ற விவரங்களை அமெரிக்க அரசின் தாள்களில் தேட வேண்டும். அந்த அமைப்பின் ஆவணங்கள் வாஷிங்டனை அடுத்த காலேஜ் பார்க்கில் உள்ள அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. நூலகத்தில் நூல்களும், ஒரு மணி நேரப் பயணத்தில் கோப்புகளும் கிடைக்கும்போது, 11 மாதத்தில் ஒரு நல்ல நூலின் அடித்தளம் அமைந்துவிடும். இதே வகையில் ஈழத் தமிழர் வரலாற்றைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழி வெளியீடுகளையும் ஒருங்கே வைத்து எழுத நினைப்பவருக்கும் அந்நூலகத்தின் தெற்காசியத் தொகுப்பு பெரும் துணையாக இருக்கும்.

பணத்தைப் பொறுத்தவரை 5,000 டாலர் என்பது ரூபாயில் மாற்றிப் பார்க்கும்போது தோன்றும் அளவுக்குப் பெரிய தொகை அன்று. வாஷிங்டனில் வீட்டு வாடகையே அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும்; வரிப்பிடித்தம் வரலாம்; பரிமாற்ற வருகையாளர் விசாவில் செல்வோர் மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். தனியாகச் செல்பவர் சிக்கனமாக வாழ்ந்தால் போதுமான தொகை. மனைவி அல்லது கணவரோடும் பள்ளி செல்லும் குழந்தைகளோடும் செல்ல நினைப்பவர் ஊரில் சேமிப்பு இல்லாமல் 11 மாதத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம் என்றே சொல்வேன். தேர்ந்தெடுத்த தாள்களின் பட்டியல் கையில் இருந்தால், நான்கு அல்லது ஐந்து மாதம் கேட்டுச் செல்வதில் எந்தக் குறையும் இல்லை.

கொல்கத்தாவைப் பற்றிப் பேசும்போது ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அங்கே செல்லக் கூடிய முதன்மையான வழி நூலகமே நடத்தும் நல்கை அன்று. இந்திய அரசின் பண்பாட்டு அமைச்சகம் வழங்கும் தாகூர் தேசிய நல்கை. அமைச்சகத்தின்கீழ் உள்ள நிறுவனங்களில் ஒன்றைத் தேர்ந்து, அதன் தொகுப்பை ஆராய்வதாகத் திட்டம் தர வேண்டும். தேசிய நூலகமும் அத்தகைய நிறுவனங்களுள் ஒன்று. மூத்தவர்களுக்கான நல்கையில் மாதம் 80,000 ரூபாயும், இளையவர்களுக்கான ஆய்வு உதவியில் 50,000 ரூபாயும், இரண்டாண்டு வரை தரப்படுகிறது. சிங்கப்பூரின் ஆறு மாதத்தையும் வாஷிங்டனின் 11 மாதத்தையும் இதனோடு வைத்துப் பார்த்தால், காலம் என்ற அளவில் இதற்கு நிகர் இல்லை. விசா வேண்டியதில்லை; நடுவில் ஊருக்கு வந்து போக ஓர் இரவு இரண்டு பகல் ரயில் பயணம் போதும்; கொல்கத்தாவில் வாழ்க்கைச் செலவும் தாங்கக் கூடியது.

ஆனால் தமிழ் ஆய்வாளர்கள் பலர் இதை ஒரு வாய்ப்பாகவே எண்ணிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது. அலிப்பூரில் பெல்வெடியர் மாளிகை வளாகத்தில் 1953இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அந்த நூலகத்தில் தமிழுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, எஸ். வையாபுரிப்பிள்ளை வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல் தொகுப்பு அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக 1926 முதல் அது நிறைவு பெற்ற 1936 வரை பணியாற்றியவர், பழந்தமிழ் நூல்களைச் சுவடிகளோடு ஒப்பிட்டுப் பதிப்பித்தவர் அவர். அவர் எந்த நூல்களை எந்தப் பதிப்பில் வைத்திருந்தார், எவற்றைத் தேடிச் சேர்த்தார் என்பதைப் படிப்படியாகப் பார்த்தால் தமிழ்ப் பதிப்பியலின் வரலாற்றில் ஒரு முழு அத்தியாயம் எழுதலாம். அதை ஆராய்வதற்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை; சென்னையில் இருந்துகொண்டும் செய்ய முடியாது. இரண்டாண்டு அளவிலான நிதானமான வேலை அது. ஆறு மாதத்தில் செய்தால் பட்டியல் மட்டுமே மிஞ்சும். இத்துடன், பிரித்தானிய ஆட்சிக்கால அரசு வெளியீடுகளைப் பார்க்க வேண்டிய எவருக்கும், 1903இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இம்பீரியல் நூலகத்தின் வழித்தோன்றலான இந்நூலகம் இந்தியாவிலேயே முதலில் செல்ல வேண்டிய இடங்களுள் ஒன்று. அரசுத் திட்டங்களுக்கே உரிய நீண்ட காத்திருப்பும் தாள் வேலையும் இதில் உண்டு என்பதால், அறிவிப்பு வந்தபின் தொடங்காமல் திட்ட வரைவை முன்பே முடித்து வைத்திருப்பவருக்கே இது கைகூடும்.

கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் நல்கை மூன்று மாதம் தங்கி ஆராய்வதற்கானது. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். முனைவர் பட்டத்துக்கு இணையான ஆய்வுத் தகுதியை எதிர்பார்க்கிறது. அதே நூலகத்தின் படைப்புக் கலை நல்கைகளும் கோடைக்கால ஆய்வு உதவிகளும் அந்நாட்டில் வாழ்வோருக்கானவை என்பதால், சிட்னியிலும் மெல்பர்னிலும் வாழும் தமிழ் எழுத்தாளர்களும் ஆய்வு மாணவர்களும் அவற்றைக் கவனிக்கலாம். ஆசியத் தொகுப்புக்காக அங்கே செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2020இல் அந்நூலகம் தன் சேகரிப்புக் கொள்கையை மாற்றி, ஆசியாவில் இந்தோனேசியா, சீனா, திமோர் போன்ற சிலவற்றோடு நிறுத்திக்கொண்டது. தமிழ் அதற்கு முன்பும் அங்கே முதன்மையான மொழியாக இருந்ததில்லை.

ஒரே ஒரு தமிழ்ப் பொருளுக்கு மட்டும் கான்பெராவே முதலிடம் என்று நினைக்கிறேன்: ஃபிஜித் தீவுகளுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்ற தமிழரின் வரலாறு. 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாக அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஆள் ஏற்றுவது 1903இல் தொடங்கியது. அவர்களில் பெரும்பாலோர் உழைத்த ஆலைகளுக்கும் தோட்டங்களுக்கும் உரிமையாளரான சி.எஸ்.ஆர். என்ற ஆஸ்திரேலியச் சர்க்கரை நிறுவனத்தின் ஆவணங்கள், கான்பெராவில் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் நோயல் பட்லின் ஆவணக்காப்பகத்தில் உள்ளன. தேசிய நூலகத்தின் பசிபிக் தொகுப்பும் அதே ஊரில். கூலி முறையைப் பற்றி அக்கால ஆஸ்திரேலியச் செய்தித்தாள்கள் எழுதியவற்றை அந்நூலகத்தின் ‘ட்ரோவ்’ இணையத்தளத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம் என்பதால், அதை ஊரிலேயே முடித்துவிட்டு, மூன்று மாதத்தையும் நிறுவனத் தாள்களுக்கும் கையெழுத்துப் படிகளுக்கும் ஒதுக்கலாம். மூன்று மாதம் போதுமா என்றால், தயாரிப்போடு சென்றால் போதும்.

லண்டனைச் சேர்க்காததற்குக் காரணம் சொல்ல வேண்டும். பிரித்தானிய நூலகத்தில் உள்ள பழைய தமிழ் அச்சு நூல்களின் செல்வத்தை எவரும் மறுக்க முடியாது. ஆனால் அங்கே எழுத்தாளர்களுக்கென நன்கு அறியப்பட்ட பரிசான எக்கிள்ஸ் மையத்தின் விருது அமெரிக்கக் கண்டங்களைப் பற்றிய நூல்களுக்கு உரியது. தமிழ்ப் பொருளோடு செல்பவருக்கு அது பொருந்தாது. மேலும், 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலால் அந்நூலகத்தின் பட்டியலும் நூல் கோரும் முறையும் பல மாதங்கள் முடங்கின. எந்த நூலகமானாலும், தேவைப்படும் பொருள் இப்போது வாசிப்பறைக்கு வருகிறதா என்பதைப் பயணத்துக்கு முன் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் இல்லை. பழுதுபார்ப்பில் இருக்கும் கையெழுத்துப் படியும், இடமாற்றத்தில் இருக்கும் தொகுப்பும் மூன்று மாத நல்கையை வீணாக்கிவிடும்.

விண்ணப்பத்துக்கு முன் அந்தந்த நூலகத்தின் பொறுப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதுவதில் நம்மவர்களுக்குத் தயக்கம் அதிகம். பெரியவர்களைத் தொந்தரவு செய்வதாக எண்ணுகிறார்கள். நூலகர்களின் வேலையே அத்தகைய கேள்விகளுக்கு விடை சொல்வது. தங்கள் தொகுப்பில் யாரும் தொடாத பெட்டி ஒன்றைப் பற்றி ஒருவர் விவரமாகக் கேட்டால் அவர்கள் மகிழ்வார்கள். இரண்டு பத்தியில், எதை ஆராய்கிறேன், பட்டியலில் எதைக் கண்டேன், எது எனக்குப் புரியவில்லை என்று எழுதினால் போதும். வரும் பதில் திட்டத்தைத் திருத்தும். சில வேளைகளில் அந்த நூலகம் வேண்டியதில்லை என்றுகூடக் காட்டும்.

ஒன்றுக்கு மேற்பட்ட நூலகங்கள் ஒருவருடைய ஆய்வுக்குப் பொருந்தினால், எந்த வாய்ப்பு முதலில் மூடப்போகிறது என்று பார்த்து வரிசைப்படுத்த வேண்டும். முனைவர் பட்டம் பெற்று ஐந்தாண்டு ஆனவருக்கு குளூகி நல்கைக்கு இன்னும் இரண்டு ஆண்டே இருக்கிறது. சிங்கப்பூர் அவருக்காக எத்தனை ஆண்டும் காத்திருக்கும். எனவே சிங்கப்பூர் எளிது என்று அதை முதலில் எடுத்துக்கொள்ளாமல், வாஷிங்டனுக்கு முதலில் விண்ணப்பிப்பதே அவருக்கு நல்லது. பட்டம் இல்லாத எழுத்தாளர் சிங்கப்பூரிலிருந்து தொடங்கி, அங்கே எழுதிய கட்டுரையைச் சான்றாக வைத்துக்கொண்டு தாகூர் நல்கையை நாடலாம். ஓய்வு பெற்ற பேராசிரியர்களும், வீட்டை விட்டு நெடுந்தொலைவு செல்ல இயலாதவர்களும் கொல்கத்தாவையே முதலில் நினைக்க வேண்டும். குளூகி நல்கைக்கு ஆண்டுதோறும் செப்டம்பர் 15 கடைசி நாளாக இருந்து வருகிறது. பரிந்துரைக் கடிதம் தருபவர்களுக்குக் கல்லூரி தொடங்கும் ஜூன் மாதத்திலேயே திட்ட வரைவை அனுப்பிவிட்டால், ஆய்வை உண்மையாகப் படித்துப் பார்த்து எழுத அவர்களுக்கும் நேரம் கிடைக்கும்.